மேலோடு கிள்ளிய காளான்

26 அக்., ஞாயிறு

என் அக்காவுக்கு விஷம் கொடுத்தது மாந்தோப்பு சூப்பர்வைசர் தங்கவேலு. வேண்டுமென்று கொடுக்கவில்லை, பார்க்காமல் கொடுத்தான். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையிலிருந்து தூறல். ராஜபாளையத்தில் ஏறிய பஸ்ஸில் சன்னல் ஷட்டர் இறங்கவில்லை, ஒரு தோள் முழுக்க ஈரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கிளினிக்குக்கு ஓட்டம். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸ் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா டிரிப்பில். விடிவதற்கு முன்பே ஆரம்பித்த வாந்தி, வயிற்றுப்போக்கு. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, அம்மா கடைசியில் இருந்த மாதிரியே இருந்தாள். மச்சான் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியோடு.

பேசாதே என்றாலும் கேட்கமாட்டாள். பேச்சியம்மாள் என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம இடி இடிச்சுதுல்ல. நேத்து காலைல புத்து பூரா பூத்துக் கெடந்துச்சுலே. வெள்ளை வெளேர்னு. கூடை நெறயப் பறிச்சேன்."

பறிப்பது இவள். தின்பது முதலாளி வீடு. அந்தத் தோப்பில் அப்படித்தான்: புற்றுக்காளான் முதல் பறிப்பு ராஜபாளையத்துக்குப் போகும். மிஞ்சினால் கூலிக்காரர்களுக்கு. நேற்று முதலாளி வீட்டில் சென்னை விருந்தாளிகள், மிஞ்சவில்லை.

"எங்களுக்கு இல்லையா அண்ணாச்சின்னு கேட்டேன். ஒனக்கு இல்லாமலா பேச்சின்னு போனாரு. செத்த நேரத்துல ஒரு பை நெறயக் கொண்டாந்து தந்தாரு. இதும் அதே காளான்தான், அவிய வீட்டுக்குப் போறதுதான்னாரு. ஒங்க மச்சானும் பக்கத்துலதான் நின்னாரு."

மச்சானைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். எழுதி வைக்கிறேன், ஆட்டினார்.

வீட்டில் அக்கா எல்லாச் சோதனையும் செய்திருக்கிறாள். மஞ்சள்பொடி போட்டு வேகவைத்தாள், நிறம் மாறவில்லை. பூண்டு போட்டாள், கறுக்கவில்லை. ஊர் முழுக்கச் செய்யும் சோதனை. மஞ்சளுக்கும் பூண்டுக்கும் என்ன தெரியும்?

மச்சானுக்குச் சஷ்டி விரதம். காளான் கவுச்சியில் சேர்த்தி, தொடவில்லை. வீணாகக் கூடாது என்று அவர் பங்கையும் இவளே தின்றாள்.

டாக்டர் முதலாளிக்கு வேண்டியவர். கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்றார். ராத்திரி கடை இட்லி. "இட்லிதான்" என்றார். காளான் என்று அக்கா சொன்னதற்கு, "மத்தியானம் தின்னது மத்தியானமே காட்டியிருக்கும்மா."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு எதற்குப் பதில்.

27 அக்., திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. புதுச் செருப்பு, கடிக்கிறது.

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நின்றது. கஞ்சி குடித்தாள், ஊறுகாய் கேட்டாள். கிளினிக் டிவியில் சூரசம்ஹாரம். மச்சான் நின்றபடியே கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகன் காப்பாத்திட்டான்." சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

தங்கவேலு வந்தான். கையில் ஹார்லிக்ஸ், சட்டைப்பையில் ரெண்டு பேனா. அவனைக் கண்டதும் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தார். வியாதிக்காரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலி. தங்கவேலு உட்கார்ந்தான்.

"ஏலே மாரி, ஒங்கக்கா காளானையே செரிச்சுட்டா. இனி கல்லக் குடுத்தாலும் செரிப்பா."

அக்கா சிரித்தாள். மச்சான் அதைவிடச் சத்தமாக.

"நீங்க குடுத்த பையிலதான அண்ணாச்சி இருந்துச்சு" என்றேன். நேரில் பார்த்தால் அண்ணாச்சி என்றுதான் வாயில் வருகிறது. அதற்காக என்மேலேயே ஆத்திரம்.

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. அக்காவைப் பார்த்து, "நான் குடுத்தது நல்ல காளான். வேலியத் தாண்டிக் காட்டுக்குள்ள போயி எதையும் பறிச்சுச் சேத்தியாட்டி? பாரஸ்ட்காரன் காதுல விழுந்தா கேஸு, பாத்துக்க."

அக்கா அதற்கும் சிரித்தாள். கேலி என்று நினைத்தாள். அவள் வேலியைத் தாண்டி எத்தனையோ வருஷம். செக்போஸ்ட்டில் விறகுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டில் பாதிதான் இருந்தது என்று பிறகு பார்த்தால் தெரிகிறது. மூடி உடைந்த பாட்டில். அவன் வீட்டில் எடுத்ததாக இருக்கும்.

28 அக்., செவ்வாய்

நல்ல வெயில். பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பிளீச்சிங் செக்‌ஷனில் பம்ப் ரிப்பேர், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி தொட்டியிலேயே ஊறிக்கொண்டு கிடந்தது. கண் எரிச்சல்.

டீ நேரத்தில் பேக்கிங் ஜெனிபரிடம் சொன்னேன். அவளுக்குச் சொந்த ஊர் பிளவக்கல் பக்கம்.

"வாந்தி நின்னுட்டுன்னு சந்தோசப்படாத. எங்க பக்கம் ஒருத்தரு இப்படித்தான் காளான் தின்னாரு. வாந்தி நின்னுச்சு, டீக்கடையில உக்காந்து அம்புட்டு அரசியலும் பேசுனாரு. பொறவு கண்ணு மஞ்சளாப் போச்சு."

"பொறவு?"

"பொறவு என்ன, கல்லறைத் தோட்டம்தான்."

வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். "என்ட்ட கோவப்பட்டு என்ன செய்ய? போயி லீவு கேளு."

மேனேஜர்: "ஒங்கக்காவுக்குத்தான் நல்லாயிட்டே. நல்லா இருக்கவளப் பாக்க எதுக்குலே லீவு?" கேட்டுவிட்டுக் கொடுத்தார். அரைநாள்.

தோப்புக்குப் போனால் அக்கா வெயிலில் களைவெட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று வரைக்கும் டிரிப்பில் கிடந்தவள். யார் வரச் சொன்னது? "யாரும் சொல்லலைலே. வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" இதுதான் அந்தத் தோப்பின் சட்டம். யாரும் சொல்லவேண்டியதில்லை.

அவன் எங்கிருந்து பையோடு வந்தான் என்று கேட்டேன்.

"இன்னும் அதையேவா பேசுத? அந்தா, பம்ப்செட் ரூமுக்குப் பின்னாடி. கடைசி மரத்துக்கடியில இருந்து வந்தாரு."

போய்ப் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம், தோப்புக்குள். சருகை விலக்கினால் கிள்ளி எடுத்த காளான் தண்டுகள், நகத்தை வெட்டிய விரல்கள் போல. கையால் தோண்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாய் ஒரு உறை. முட்டை ஓட்டில் பாதியை நட்டுவைத்த மாதிரி.

பிறகு புற்றுக்குப் போய் அங்கேயும் ஒன்றைத் தோண்டினேன். உறை கிடையாது. தண்டு நீளமான வேராகி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அக்கா களைக்கொத்தோடு ஓடி வந்தாள். "புத்துல கைய வைக்காதலே! அடுத்த வருசம் பூக்காமப் போயிரும்."

காளானை வேரோடு பிடுங்கக் கூடாது. இரும்பு படக் கூடாது. மேலோடு கிள்ளவேண்டும், அடி மண்ணுக்குள் இருக்கவேண்டும். இங்கே பிறந்த யாருக்கும் இது தெரியும். தங்கவேலுவும் அப்படித்தான் கிள்ளியிருக்கிறான், மரத்தடியில். விஷம் என்று காட்டுகிற ஒரே அடையாளத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஒனக்கு வித்தியாசம் தெரியாதாக்கா?"

"நான் புத்துல மட்டுந்தாம்லே பறிப்பேன். புத்துல பூத்தது கொல்லாது. மத்தது எனக்கு எதுக்கு?"

அவளுக்கு இடம்தான் அடையாளம். பையில் வந்த காளானுக்கு ஏது இடம்?

டிபன் பாக்ஸைக் கழுவி, உறையும் மண்ணுமாக நாலைந்தை அதில் வைத்தேன். பம்ப்செட் ரூம் தெரிகிற மாதிரி போட்டோ. அதற்குள் தங்கவேலு.

"என்னலே தோண்டுத, பொதையலா?"

"நீங்க பறிச்ச எடத்தப் பாக்கேன் அண்ணாச்சி."

"பாத்துட்டேல்ல. கெளம்பு. வெளியாள் உள்ள நிக்கது மொதலாளிக்குப் பிடிக்காது."

டாக்டரிடம் போவோம் என்று அக்காவைக் கூப்பிட்டேன். வரவில்லை. "நல்லா இருக்கவளப் போட்டு ஏம்லே பயங்காட்டுத?" மச்சான், தோப்பில் முதலாளி கொடுத்த வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். தோப்புக்கு ராத்திரிக் காவல் அவர்தான்.

29 அக்., புதன்

மச்சான் போன். "மாப்ள, அவ கண்ணு ஒரு மாதிரி இருக்கு." எப்படி என்றால் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னேன், மஞ்சளாக இருக்கிறது என்று. "ஆமா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

கிளினிக் டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மதுரை எந்தத் திசை என்று தெரிந்திருக்கவில்லை.

முதலாளி கார் கொடுத்தார். மச்சான் டிரைவரைக் கும்பிட்டார். ஏசி குளிரில் அக்கா நடுங்கினாள், அதைக் குறைக்கச் சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை. நான் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒருமுறை வாந்தி. என் சட்டையில். சீட்டில் படாமல் பார்த்துக்கொண்டார்கள், ரெண்டு பேரும். சாகக் கிடக்கிறவளும் சீட்டைப் பார்க்கிறாள்!

மதுரையில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். முகம் மாறியது.

"எப்ப சாப்பிட்டாங்க?"

"சனிக்கெழம மத்தியானம்."

"வாந்தி எப்ப ஆரம்பிச்சுது?"

"மறுநாள் விடியக்காலம்."

"நடுவுல நல்லா இருந்தாங்களா?"

"களைவெட்டப் போனாங்க."

கண்ணை மூடித் திறந்தார். லேட்டாகத் தொடங்கும் வாந்திதான் ஆபத்தானதாம். அது நிற்கும், நல்லாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்போம், ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். பிழைப்பாளா என்றேன். "இப்ப சொல்ல மாட்டேன்." நேராகப் பார்த்துச் சொன்னார். இத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள்.

திங்கட்கிழமை எல்லோரும் சிரித்தார்களே, அது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

30 அக்., வியாழன்

வானம் எப்படி இருந்தது என்று தெரியாது. வெளியே போகவில்லை.

அக்கா அரைத் தூக்கத்தில். கூப்பிட்டால் முனகுகிறாள். என்னை "அம்மா" என்றாள். டிரிப் ஊசிக்கு மேல் காஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனித் துணியா என்று நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய.

விஷக் கேஸ் என்பதால் போலீஸ். ஆஸ்பத்திரி ஏட்டையா, வயதானவர், முழங்கால் வலி, ஸ்டூலில் உட்கார ஒரு முனகல், எழ ஒரு முனகல். தோட்டத்துக்குப் போன் போட்டு ஏற்கனவே கேட்டிருக்கிறார்.

"காட்டுக்குள்ள போயி அந்தம்மாவே பறிச்சுத் தின்னதாச் சொல்லுதாக."

"பொய்யி சார். சூப்பர்வைசர் பறிச்சுக் குடுத்தது. தோப்புக்குள்ள."

தோப்பில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "காளான் மொளச்சது தெரியுது. யாரு பறிச்சான்னு இதுல இல்லையே. நீ பாத்தியா?"

"எங்க மச்சான் பாத்தாரு."

ஏட்டையா திரும்பினார். மச்சான் அக்காவின் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். இழுக்கத் தேவையில்லாத போர்வை. "எனக்கு ஒண்ணும் ஓடலை சார். மனசு சரியில்ல. பொறவு சொல்லுதேன்."

கேன்டீனில் வைத்துக் கேட்டேன். டீயில் கட்டிய ஆடையை விரலால் ஒதுக்கினார். பிறகு, "பாரஸ்ட் கேஸுன்னா சின்ன அபராதத்தோட போயிருமாம். தங்கவேலு அண்ணாச்சி சொன்னாரு. தோட்டத்து மேல போச்சுன்னா பெருசாயிரும்."

"யாருக்குப் பெருசாயிரும்?"

"கார் குடுத்தாகல்லா, மாப்ள."

"அவ பொழைக்காட்டி? திருட்டுத்தனமாக் காட்டுக்குள்ள போயித் தின்னு செத்தவன்னு எழுதுவான். சரியா ஒங்களுக்கு?"

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவேன்? அவ வந்தா எங்க படுக்கப்போடுவேன்?"

நான் இன்னும் சத்தம் போட்டேன். கேன்டீன்காரர் வெளியே போய்ச் சண்டை போடச் சொன்னார்.

31 அக்., வெள்ளி

அக்காவுக்கு மோசம். காலையில் கண்ணே திறக்கவில்லை. டாக்டரம்மா வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தோளைத் தட்டினார். இன்றும் நாளையும்தான், அதற்குள் தெரியும் என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்தால் மச்சானை அடித்துவிடுவேன் என்று தோன்றியது. பஸ் பிடித்துத் தோப்புக்குப் போனேன். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே ஒரு தடவை பார்க்கவேண்டும் போல.

பம்ப்செட் ரூமுக்குப் பின்னால் டிராக்டர் ஓட்டியிருக்கிறார்கள். கடைசி மரத்தைச் சுற்றி மட்டும். சருகு, தண்டு எதுவும் இல்லை, புரட்டிப்போட்ட மண். மற்ற மரங்களுக்கடியில் புல் அப்படியே.

புற்றை யாரும் தொடவில்லை. அதற்கு மஞ்சள் தெளித்திருந்தார்கள்.

தங்கவேலு கேட்டுக்குப் பக்கத்தில்.

"எப்படிலே இருக்கா?"

"சாகப் பாக்கா."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். உள்ளபடியே முகம் வெளுத்துதான் இருந்தது. அதையும் எழுதவேண்டும். "நான் வேணும்னா குடுத்தேன்? கேட்டா, ஒரு புள்ள ஆசைப்பட்டுக் கேக்குதேன்னு குடுத்தேன்."

"அதத்தான் ஏட்டையாட்ட சொல்லச் சொல்லுதேன். வேணும்னு குடுக்கலைன்னே சொல்லுங்க. குடுத்தேன்னு சொல்லுங்க."

"எனக்கும் புள்ளைக இருக்கு."

"அண்ணாச்சி, மரத்தச் சுத்தி எதுக்கு உழுதீக?"

"மழை பேஞ்சா உழுவாக. போலே."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெனிபர் போன். ஜெபம் பண்ணுகிறாளாம். கோபம் வந்தது, பிறகு வைக்காதே என்றேன். அவள் திருமங்கலம் வரைக்கும் லைனில் இருந்தாள்.

1 நவ., சனி

வெயில். ஆஸ்பத்திரி மாடியில் யாரோ வற்றல் காயப்போட்டிருக்கிறார்கள். இங்கேயும்.

ரத்த ரிசல்ட்: ஏறிக்கொண்டே இருந்த ஈரல் அளவு இன்று ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது. "தப்பிச்சுட்டாங்கன்னு இன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா கண் திறந்தாள். வெள்ளை இல்லை, மஞ்சள்தான். ஆனால் என்னைத் தெரிகிறது.

"ஏலே, சட்டையத் தொவைக்கலையா? நாறுத."

அவள் வாந்திதான் என்று சொன்னேன். வாயை மூடிச் சிரிக்கப் பார்த்தாள், கை எழவில்லை.

மச்சான் ரசம் சாதம் வாங்கப் போயிருந்தார். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று நர்ஸ் திட்டினாள். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"காட்டுக்குள்ளயா? நானா?" என்றாள். "வேலிக்கு அங்கிட்டு மூத்திரம் பேயக்கூடப் போனதில்லையே."

பிறகு, "ஒங்க மச்சான் என்ன சொன்னாரு?"

"பொறவு சொல்லுதேன்னாரு."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

சாயங்காலம் ஏட்டையா. ஸ்டூல், முனகல். அக்கா மெதுவாக, இடையிடையே மூச்சு வாங்கி, சொன்னாள். புற்று, முதலாளி வீட்டு விருந்தாளிகள், தங்கவேலு கொண்டுவந்த பை. அவர் எழுதவில்லை.

"நேத்து வரைக்கும் ஒனக்கு நெனவே இல்லம்மா. அவுக அதத்தான் சொல்லுவாக. ஒம் புருசன் பக்கத்துல நின்னாருன்னு சொல்லுத. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், எழுதிக்கிடுதேன்." மச்சானிடம் திரும்பினார். "சொல்லுங்க. காளான் எங்க பறிச்சது? யாரு குடுத்தா?"

மச்சான் கட்டில் கால்மாட்டில் டிபன் கேரியரோடு நின்றார். அதன் கொக்கியைப் போட்டார், எடுத்தார், போட்டார்.

"மச்சான்" என்றேன்.

அக்கா என்னைப் பேசாதே என்று கண்ணால் தடுத்தாள். தலையைத் தூக்கப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க. நான் செத்துப்போயிருந்தா காட்டுலதான் பறிச்சான்னு சொல்லியிருப்பீக. சரி, செத்தவ கேக்க மாட்டா. இப்ப உசுரோட கெடந்து கேக்கேன். நீங்க பாத்தீகல்லா. எங்க பறிச்சது?"

ஏட்டையா பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அடுத்த கட்டிலில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

கொக்கி. போட்டார். எடுத்தார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.